பக்கத்துச் சுவரில் எங்கள் மணிகள்

என் அப்பா இத்வால் பிப்ரவரியில் இறந்தார். நிமோனியா என்றார்கள். வீட்டுச் சுவரின் ஈரம் காரணமாக இருக்குமா என்று மருத்துவரிடம் கேட்டேன். இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அணைக்கட்டின் கசிவை அளப்பது என் தொழில். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களிடம் நானும் பல சமயம் அதையேதான் சொல்கிறேன்.

அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் சுவரைப் பற்றித்தான் எழுத வருகிறது. கடைசி ஆண்டுகளில் அவருக்கும் வேறு பேச்சில்லை.

அவர் தபால்காரர். வேல்ஸின் மேற்குக் கரையில் கடலைப் பார்த்த சரிவில் எங்கள் தெரு. ஊரில் பாதிப் பேர் ஜோன்ஸ், மீதிப் பேர் வில்லியம்ஸ் என்பதால் செய்யும் வேலையைப் பெயரோடு ஒட்டிவிடுவார்கள். ரொட்டி எம்ரிஸ், சவப்பெட்டி ஹெவின், ஆர்கன் டெக்வென். அப்பா, போஸ்ட் இத்வால். ஓய்வு பெற்ற பிறகும் போஸ்ட் இத்வால்தான். எந்த நாய் கடிக்கும், எந்த வீட்டில் முன்கதவைத் தட்டினால் யாரும் திறக்க மாட்டார்கள், எந்தக் கிழவருக்குக் கடிதத்தைப் படித்தும் காட்ட வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அம்மா மெய்னிர் இறந்த பிறகு அந்த வீடுகளுக்குக் கடிதம் இல்லாமலே போய்க்கொண்டிருந்தார்.

ஆகவே சுவர் மானியம் விற்க வந்த ஆள் முதலில் அப்பாவைத் தேடி வந்ததில் வியப்பில்லை. சுவருக்குள் கதகதப்புக்கான பொருளை அடைக்க அரசாங்கம் மானியம் தருகிறது. வீட்டுக்காரர் கையிலிருந்து ஒரு காசும் தர வேண்டாம். வீட்டைச் சூடாக்கும் எரிவாயுச் செலவு பாதியாகும். ஆள் வெளியூர், ஆங்கிலம் மட்டும் பேசுபவர். எங்கள் தெருக் கிழவர்கள் ஆங்கிலத்தில் தட்டப்படும் கதவைத் திறக்கவே யோசிப்பார்கள். அப்பா கூடவே நடந்தார். எங்கள் மொழியான வெல்ஷில் எடுத்துச் சொன்னார். அதற்காக அவர் எதுவும் வாங்கவில்லை. டீ மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் குடித்தார்.

எல்லா வீடும் சம்மதித்தது, ஒன்றைத் தவிர. எங்கள் வீட்டோடு ஒட்டிய மறுபாதி அது. எங்கள் தெருவில் இரண்டிரண்டு வீடாகச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். மறுபாதியில் ஆர்கன் டெக்வென் இருக்கிறார். தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். அப்பாவுடன் ஒரே பள்ளியில், ஒரு வகுப்பு மேலே படித்தவர். எனக்கு டெக்வென் ஆண்ட்டி.

அந்த உரையாடலை அப்பா எனக்குப் பலமுறை நடித்துக் காட்டியிருக்கிறார்.

"ஏம்மா டெக்வென், இலவசமா வீட்டுக்குக் கோட்டு போட்டு விடுறாங்க. வேண்டாங்கிறியே."

"நான் கோட்டு போட்டுட்டுதானே உட்கார்ந்திருக்கேன். வீட்டுக்கு எதுக்கு இன்னொண்ணு?"

"வீட்டுக்குள்ள கோட்டு போட்டுட்டு உட்காருறதைத்தான் நிறுத்தச் சொல்றேன்."

"ஏப்பா இத்வால், நீ தபால் கொடுத்த காலத்துல வாசலோட நின்னே. இப்ப பெட்ரூம் சுவர் வரைக்கும் வர்றே. ஓய்வு வாங்கினதும் தைரியம் வந்துடுச்சா?"

அப்பாவின் காது சிவந்துவிட்டதாம். விற்பனைக்காரர், அம்மா என்ன சொன்னாங்க என்று கேட்டிருக்கிறார். யோசிச்சுச் சொல்றாங்களாம் என்று அப்பா மொழிபெயர்த்திருக்கிறார்.

டெக்வென் கையெழுத்துப் போடவில்லை. அந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீடுகளுக்கு வெளிச்சுவர் இரட்டை. இரண்டு சுவர், நடுவில் ஒரு கையளவு இடைவெளி. எங்கள் ஊரில் மழை மேலிருந்து விழுவதில்லை, கடலிலிருந்து குறுக்காக வந்து சுவரில் அடிக்கும். வெளிச்சுவர் ஊறும். ஊறிய நீர் அதன் உட்புறமாக வழிந்து கீழே போய்விடும். இடைவெளியைத் தாண்டி உட்சுவரைத் தொடாது. அந்த வெற்றிடம் சும்மா இருக்கவில்லை. அதில் எதையாவது நிரப்பினால் மழை நடந்து வருவதற்கு ஒரு பாலம் கிடைத்துவிடும். மழை குறைந்த ஊர்களில் இது ஒன்றும் செய்யாது. அங்கே ஆயிரக்கணக்கான வீடுகள் இதனால் நன்றாகவே இருக்கின்றன. கடலைப் பார்த்த சரிவில் செய்யக் கூடாது. இதை யாரும் அப்பாவிடம் சொல்லவில்லை. விற்க வந்தவருக்கே தெரிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

கோடையில் வந்து அடைத்தார்கள். சுவரில் வரிசையாகத் துளை போட்டு, குழாய் வழியாகத் தெர்மாகோல் மணிகளை ஊதினார்கள். மிளகு அளவு சாம்பல் நிற மணிகள். பசை கலந்து ஊத வேண்டும், அப்போதுதான் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். ஒட்டிய இரு வீடுகளின் நடுவே இடைவெளிக்குள் முதலில் ஒரு தடுப்பை இறக்க வேண்டும், இல்லையென்றால் மணி பக்கத்து வீட்டுச் சுவருக்குள் ஓடிவிடும். இரண்டையும் செய்யவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. எங்கள் வீட்டுக்குக் கணக்குப் போட்டதைவிட அதிக மூட்டைகள் உள்ளே போயின. அப்பா அன்று இரவு தொலைபேசியில் பெருமையாகச் சொன்னார்: "நம்ம சுவர் நல்லா சாப்பிடுது, கண்ணு. கேட்டுக் கேட்டுச் சாப்பிடுது."

இலையுதிர்காலம் முழுவதும் சந்தோஷமாக இருந்தார். செருப்பில்லாமல் வெறும் காலுறையோடு வீட்டுக்குள் நடக்க முடிவதாகச் சொன்னார். பிறகு முதல் பெரிய புயல். முன்னறையில் ஜன்னலுக்குக் கீழே ஒரு கறை. கிறிஸ்துமஸுக்கு நான் போனபோது அது நாற்காலி உயரத்துக்கு வந்திருந்தது. அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை. அம்மாவின் கோட்டுகளை எடுத்து உதறினேன், துர்நாற்றம். என் ஈரமானியைச் சுவரில் வைத்தேன். முள் கடைசிவரை போய் நின்றுவிட்டது.

மணிகளை அடைத்த நிறுவனம் ஒரு ஆளை அனுப்பியது. அவர் சமையலறையில் கெட்டிலைப் பார்த்தார். நாற்காலி முதுகில் காய்ந்த சட்டையைப் பார்த்தார்.

"நீங்க வாழுற விதம்தான் சார் காரணம். ஆவி வெளியே போக வழியில்ல. ஜன்னலைத் திறந்து வைங்க."

"எழுபது வருஷமா இப்படித்தான் வாழுறேன்," என்றார் அப்பா. "அப்பெல்லாம் சுவர் ஒண்ணும் சொல்லலையே."

ஆனாலும் சொன்னதைச் செய்தார். அதுதான் அவர். அந்தக் குளிர்காலம் முழுக்க எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்தார். சட்டையைக் காயவைப்பதை நிறுத்தி, பாதி ஈரத்தோடு போட்டுக்கொண்டார். டீயைக்கூடக் குறைத்தார். கதகதப்புக்காக மானியம் வாங்கிய மனிதர் திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் இரண்டு கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். இருமல் அப்போது தொடங்கியது.

தெருவில் மற்ற வீடுகளிலும் கறை வந்தது. இறைச்சிக் கடையில் ஒரு நாள் யாரோ அவரை மானியம் இத்வால் என்று கூப்பிட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அடுத்த வாரம் அந்தப் பெயர் தெரு முழுக்கப் பரவிவிட்டது. போஸ்ட் போய்விட்டது. அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. சவப்பெட்டி ஹெவின்தான் சொன்னார்.

நிறுவனம் அதற்குள் மூடப்பட்டுவிட்டது. உத்தரவாதம் என்று ஒன்று இருந்தது, அதற்குத் தனி அலுவலகம். அப்பா ஒவ்வொரு வீட்டுக்காகவும் அவர்களைத் தொலைபேசியில் பிடித்தார். காத்திருக்கும்போது அவர்கள் போடும் இசையை டீயைக் கையில் வைத்தபடியே முணுமுணுப்பார். ஒவ்வொரு பேராகச் சொல்லி வாதாடி, ஒவ்வொரு வீட்டுச் சுவராகக் காலி செய்ய வைத்தார். சுவர்கள் காயத் தொடங்கின. பெயர் மட்டும் மாறவில்லை.

எங்கள் வீட்டின் முறை வந்தது. அந்தச் சமயத்தில்தான் டெக்வென் தன் முன்னறையில் குளிர்காயப் புதிய எரிவாயு அடுப்பு வைக்க ஆள் கூப்பிட்டார். அவர் சுவரிலும் கறை வந்து ஒரு வருடமாகியிருந்தது. கூரை ஒழுகுகிறது என்று நினைத்துக் கூரைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். பியானோவின் கட்டைகள் ஈரத்தில் ஊதிப் பாதி எழும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பாடல்களை அதில் பழக முடியவில்லை.

புகைக்குழாய்க்காக அடுப்புக்காரர் வெளிச்சுவரில் துளை போட்டார். துளையிலிருந்து சாம்பல் நிற மணிகள் கொட்டின. நிற்கவே இல்லை. ஈரமாக, கட்டி கட்டியாக, ரோஜாச் செடிகளின் மேல், பாதையின் மேல். டெக்வெனின் நாய் பெரோ அதில் புரண்டது. சத்தம் கேட்டு அப்பா வேலி ஓரம் வந்தார். நான் அன்று அங்கே இருந்தேன்.

டெக்வென் ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"ஏப்பா இத்வால். நான் வேண்டாம்னுதானே சொன்னேன்?"

"சொன்னே."

"உன் வீடு என் வீட்டுக்குள்ள வந்திருக்கு."

அடுப்புக்காரர் நிலைமையை லேசாக்க நினைத்து, "இலவசமாக் கிடைச்சிருக்கு ஆண்ட்டி, விடுங்க," என்றார். டெக்வென் கையிலிருந்ததை அவர் பூட்சின்மேல் போட்டுவிட்டு உள்ளே போனார்.

அதோடு அவர் அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். சொல்ல வேண்டியது இருந்தால் நாயிடம் சொல்வார். அப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கும்போது: "பெரோ, அந்த மனுஷன்கிட்ட சொல்லு, அவர் வீட்டுக் குப்பைத் தொட்டி என் கேட்டை மறைக்குது." அப்பாவும் நாயிடமே பதில் சொல்வார். "பெரோ, இப்பவே நகர்த்திடுறேன்னு சொல்லுப்பா." கேட்க வேடிக்கையாக இருக்கும். அப்பா உள்ளே வந்து உட்கார்ந்ததும் அவர் முகத்தைப் பார்த்தால் வேடிக்கை இருக்காது.

உத்தரவாத அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து இரண்டு வீட்டையும் பார்த்தார். நேர்மையானவர். எங்கள் சுவரைக் காலி செய்ய ஒப்புக்கொண்டார். டெக்வெனின் சுவர் முடியாது.

"அவங்க கையெழுத்துப் போடலையே சார். கையெழுத்துப் போடாத வீட்டுக்கு உத்தரவாதம் இல்ல."

அப்பா அதை டெக்வெனுக்கு வெல்ஷில் சொன்னார். டெக்வென் நாயைப் பார்த்துச் சொன்னார்: "பெரோ, ஏமாறாம இருந்ததுக்கு இது தண்டனைன்னு அந்த அம்மாகிட்டச் சொல்லு."

அப்பா அதை அப்படியே மொழிபெயர்த்தார்.

அப்பா அன்றே முடிவெடுத்துவிட்டார். இரண்டு சுவரும் சேர்ந்து, இல்லையென்றால் எதுவும் வேண்டாம். அலுவலகம் மறுத்தது. அவர் எங்கள் சுவரைக் காலி செய்யத் தேதி வாங்க மறுத்தார்.

டெக்வெனின் சுவரை நம் செலவில் எடுத்துக்கொடுக்கலாம் என்று நான் சொன்னேன். அப்பா அதற்கு முன்பே கேட்டுவிட்டார், நாய் வழியாக. டெக்வென் ஒப்பவில்லை. அடைத்தவர்கள் வந்து, தப்பு எங்களுடையது என்று சொல்லி, அவர்கள் கையால் எடுக்க வேண்டும். அதுவரை யாரும் அவர் சுவரில் துளை போடக் கூடாது.

"அப்ப நம்ம பக்கத்தை மட்டும் எடுத்துக்கலாம்ப்பா," என்றேன். இரண்டாவது குளிர்காலம் அது. அவர் மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"நான் எடுத்துட்டா கேஸ் முடிஞ்சுதுன்னு மூடிடுவாங்க, கண்ணு. அப்புறம் அவளுக்காக யார் பேசுவா?"

"நான் பேசுறேன்."

"நீ இங்க இருக்கியா?"

"உங்க நுரையீரல் இங்க இருக்கே."

"அவளுக்கும் இருக்கு."

"அவங்க இருமலையே."

"பாட்டுப் பாடுறவளுக்கு நுரையீரல் பலம்." சிரித்தார். சிரிப்பு இருமலானது. "அந்த ஆளைக் கூட்டிட்டுப் போய்க் கதவுகதவாத் தட்டினது நான். என் சுவர் காய்ஞ்சு அவ சுவர் ஊறினா, நான் எந்த முகத்தோட வெளிய வருவேன்?"

என்னோடு வந்துவிடச் சொன்னேன். வரவில்லை. மின்சாரத்தில் ஓடும் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று வாங்கிவைத்தேன். ஒரு நாளில் அது பிடிக்கும் தண்ணீரை அவர் வாளியில் எனக்குத் தொலைபேசிக் கேமராவில் காட்டுவார், மீன் பிடித்தவர் போல. பிறகுதான் தெரிந்தது, பாதி நாள் அந்த இயந்திரத்தை வேலிக்கு மேலாகத் தூக்கி டெக்வெனின் வாசலில் வைத்துவிடுகிறார் என்று. டெக்வென் அதை உள்ளே எடுத்துக்கொண்டார். நன்றி நாயிடம்கூடச் சொல்லவில்லை.

ஜனவரியில் காய்ச்சல். மருத்துவமனை. பிப்ரவரி.

இறுதிச் சடங்கில் டெக்வென் ஆர்கன் வாசித்தார். ஒரு தடுமாற்றமும் இல்லை. பிறகு தேவாலயத்துப் பின்னறையில் எல்லோரும் சாண்ட்விச்சும் திராட்சை ரொட்டியும் சாப்பிட்டபோது அவர் கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். என்னிடம் வரவில்லை.

மறு மாதம் உத்தரவாத அலுவலகத்திலிருந்து அழைப்பு. காலஞ்சென்றவரின் வீட்டுச் சுவரைக் காலி செய்ய இப்போது சம்மதமா? அப்பா மறுத்ததை நான் எப்படி ஒப்புக்கொள்வது? ஒப்புக்கொள்ளாமல் இன்னொரு குளிர்காலம் அந்த வீட்டை ஊறவிடுவதால் டெக்வெனுக்கு என்ன கிடைக்கும்? ஒரு வாரம் யோசித்தேன். பிறகு மணிகளைப் பற்றி யோசித்தேன். அவை பசை பிடிக்காதவை. தடுப்பில்லாமல் போனவை. ஓடிப் போனவை ஓடியே திரும்பி வரும், நாம் நடுவில் தடுப்பை இறக்காமல் இருந்தால்.

தேதி வாங்கினேன்.

வேலைக்கு வந்த குழுவின் தலைவர் டாரன். முதல் வேலையாகத் தடுப்பை வண்டியிலிருந்து இறக்கினார்.

"அதைக் கடைசியில போட முடியுமா?" என்று கேட்டேன்.

"முதல்ல போடுறதுதான் வழக்கம் மேடம். இல்லன்னா பக்கத்து வீட்டுது எல்லாம் இங்க வந்துடும்."

"தெரியும்."

அவர் என்னைப் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் டெக்வெனின் ஜன்னலைப் பார்த்தார். சுவரின் கறை வெளியிலிருந்தே தெரிந்தது.

"கூடுதல் மூட்டை வருமே. எங்க போடுறது?"

"சாக்கு நான் தர்றேன். இங்கயே போட்டுட்டுப் போங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியாது," என்று சொல்லிவிட்டுத் தடுப்பை வண்டிக்குள் திருப்பி வைத்தார்.

சுவரின் அடியில் திறந்தார்கள். உறிஞ்சினார்கள். எங்கள் சுவர் காலியான பிறகும் மணிகள் வந்துகொண்டிருந்தன. நான் என் வேலைக்கு வைத்திருக்கும் கேமராக் கம்பியை இடைவெளிக்குள் விட்டுப் பார்த்தேன். டெக்வெனின் பக்கத்திலிருந்து சரிந்து சரிந்து வந்தன. பிறகு நின்றன. மணல் குவியல் ஒரு சரிவில் நின்றுவிடும், அதற்குமேல் தானாக நகராது. டெக்வெனின் முன்னறைச் சுவரின் நடுவில், பியானோவுக்குப் பின்னால், இடுப்பளவு மேடு அப்படியே நின்றது. ஈரமே அங்கேதான் அதிகம். எங்கள் பக்கத்திலிருந்து கை எட்டாது. அவர் சுவரின் அடியில் துளை போட்டால்தான் வரும். டாரனால் அதைச் செய்ய முடியாது, அந்த வீடு அவர் வேலையில் இல்லை. கடைசியில் தடுப்பை இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

நான் படியில் உட்கார்ந்திருந்தேன். டெக்வென் வேலி ஓரம் வந்தார். நாய் கூட இல்லை.

"நின்னுடுச்சா?"

"மேல்பகுதி வந்துடுச்சு ஆண்ட்டி. கீழ ஒரு மேடு நிக்குது."

"இப்படி வரும்னு இத்வாலுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவர் உங்களுக்கு முறையா வாங்கித் தரணும்னு இருந்தார். அவங்க வந்து தப்புன்னு ஒத்துக்கணும்னு."

"அதை நான்தானே சொன்னேன்."

அவர் தன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அழுகை இல்லை. வாசிக்கும்போது இருப்பது போல இறுகியிருந்தது.

"அவன் வந்து கேட்டான், நாய்கிட்ட. சரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு சுவரும் போன வருஷமே காலியாகியிருக்கும்." நிறுத்தினார். "இனி யாரும் வந்து எதையும் ஒத்துக்கப் போறதில்லை, இல்ல?"

"இல்ல ஆண்ட்டி."

"உன்கிட்ட துளை போடுற மிஷின் இருக்கா?"

என் வண்டியிலிருந்து எடுத்து வந்தேன். அவர் வீட்டுக்குள் போய்ப் பியானோவுக்குப் பின்னால் சுவரைத் தட்டி, எது நடு என்று உள்ளிருந்து சத்தம் கொடுத்தார். கல்லில் இல்லாமல் சாந்துக் கோட்டில் துளைத்தேன். முதலில் கறுப்புத் தண்ணீர் வடிந்தது. கம்பியால் குத்தினேன். பிறகு மணிகள் கட்டியாக விழுந்தன. வெளியே வந்த டெக்வென் மண்டியிட்டு, வெறுங்கையால் அவற்றைச் சாக்கில் வாரினார். மிஷினைக் கீழே வைத்துவிட்டுச் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டேன்.

இந்தச் சுவர் காய ஒரு கோடை வேண்டும், மழை குறைந்த கோடையாக இருந்தால். பியானோ தேறுமா என்று எனக்குத் தெரியாது. அதையும் அவரிடம் சொன்னேன்.

"சரி," என்றார் டெக்வென். "அடுத்த துளை எங்க போடணும்?"